ஓரத்தை யார் தைக்கிறது?

கத்திரி வெயிலில் பனிக்கால பூட்ஸ் தைக்கிற ஊர் எங்கள் ஊர். இதில் யாருக்கும் துளி வெட்கம் கிடையாது. வெளியே ரோட்டுத் தார் செருப்போடு ஒட்டிக்கொண்டு கூடவே வரும். உள்ளே நாங்கள் ரோமம் வைத்துத் தைத்த பூட்ஸுக்குள் கையை விட்டு, வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டிருப்போம். இருக்காதா பின்னே? அந்த மாதத்தில் தண்ணீர்க் குடத்துக்குள் கையை விட்டாலும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். எங்கோ ஒரு தேசத்தில் எவளோ ஒருத்தி பனியில் வழுக்கி விழாமல் நடக்க, ஆம்பூரில் நாங்கள் வியர்வையில் வழுக்கி விழுந்துகொண்டிருந்தோம்.

நான் அங்கே தைக்கிறவள் இல்லை. ஷூ கம்பெனியின் பேட்டர்ன் ரூமில், கம்ப்யூட்டரில் வடிவம் போடுகிறவள். அதற்கு முன்னால் கணக்கில் எம்.எஸ்ஸி. படித்தேன். கடைசி வருஷத்து ஆய்வு, ஃப்ராக்டல் வளைவுகளின் வடிவப் பண்புகள். எதற்காக அதை எடுத்தேன் என்று யாரும் கேட்க வேண்டாம். அப்போது அழகாக இருந்தது, எடுத்தேன். என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு அம்மா அந்தத் தலைப்பை முழுசாகக் கேட்டுவிட்டு, "இத்த வெச்சுனு இன்னா பண்ணுவாங்க?" என்றார். சம்பந்தம் அமையவில்லை. குடியாத்தத்தில் பவர்லூம் ஓட்டி லுங்கி நெய்கிற என் அப்பா அன்றைக்குச் சாயங்காலம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "நேர்க்கோட்டப் பத்திப் படிச்சிருந்தாலாவது தறிக்கு ஆயிருக்கும்."

எங்கள் மானேஜர் ஆம்பூர்க்காரர், தோல் மண்டியில் வளர்ந்தவர். அவருக்கு உலகமே சதுர அடிதான். அதில் அவர் தப்பு எதுவும் இல்லை. இந்தப் பக்கத்தில் தோல் விற்பதே பரப்பில்தான். கழுத்துப் பக்கம், கால் பக்கம் என்று ஓரமெல்லாம் பிய்ந்து வளைந்து எப்படிக் கிடந்தாலும், அளவு மெஷின் அதன் மேல் ஓடி இத்தனை சதுர அடி என்று சொல்லிவிடும். ஓரத்தின் நீளத்தை யாரும் அளந்ததே இல்லை. வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரைக்கும் போய்க் கேட்டுப் பாருங்கள், ஏதாவது பேய் பிடித்ததா என்பார்கள். ஓரம் என்பது கத்தியால் சீவிக் கீழே தள்ளுகிற சமாச்சாரம். முதுகில் படை வந்து டாக்டரிடம் போனபோது, "எத்தன ஸ்கொயர் இருக்கும் டாக்டர்?" என்று மானேஜர் கேட்டதாகக் கம்பெனியில் ஒரு கதை உலவியது. கதைதான். ஆனால் ஒருத்தர் விடாமல் நம்பினோம்.

இனி அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை. சாம்பிள் லைனில் தைக்கிறவள், பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள், என்னைவிடப் பெரியவள். என்னைக் "கணக்கு" என்றுதான் கூப்பிடுவாள், பேரே அதுதான் என்பது போல. அடக்கம் என்கிற பொருள் அவளிடம் மருந்துக்கும் கிடையாது. "என் கைய மட்டும் வெட்டிப் பார்சல் பண்ணி ஃபாரினுக்கு அனுப்பு, அது பாட்டுக்குத் தச்சுனு வந்துரும்" என்பாள். பக்கத்து மெஷின்காரி தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் புது மாடல் வந்தால் முதல் ஜோடி அவளிடம்தான் போகும். அதை யாரும் கேள்வி கேட்டதில்லை.

எங்கள் தையல் ஹாலில் ஒரு வழக்கம் உண்டு. சட்டம் எதுவும் இல்லை, எங்கும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் சட்டத்தைவிடக் கெட்டி. பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள், ஆண்கள் நடப்பார்கள். உட்கார்ந்திருப்பவர்கள் தைக்கிறவர்கள், நடக்கிறவர்கள் சூப்பர்வைசர்கள். நடுவில் ஒரு நடைபாதை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஸ்டோர் கதவிலிருந்து தண்ணீர் கேன் வரைக்கும், அங்கிருந்து திரும்ப ஸ்டோர் கதவுக்கு, ஏதோ கல்யாண மாப்பிள்ளையை ஊர்வலம் விட்ட மாதிரி நடப்பார்கள். இதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த வருஷம் ஒரு சூப்பர்வைசர் துபாய்க்குப் போய்விட்டார். இடம் காலி. வெளிநாட்டில் வாங்குகிற பையருக்கு அடுத்த சாம்பிள் ஓகே ஆனால் அந்த இடம் உனக்குத்தான் என்று அக்காவிடம் மானேஜர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

"எனக்குப் பட்டம் இன்னாத்துக்கு மே?" என்றாள் என்னிடம். "நிக்கணும். அவ்ளோதான். நின்னுனு ரெண்டு எட்டு நடக்கணும். பஸ்ஸுல ஒக்காந்துனு வர்றேன், மெஷின்ல ஒக்காந்து தைக்கறேன், திரும்ப பஸ்ஸுல ஒக்காந்துனு போறேன். சரி, செத்தாலாவது நிம்மதியா படுக்கலாம்னு பாத்தா, எங்க சைடுல அப்பவும் சேர்ல ஒக்கார வெச்சுதான் தூக்கினு போறாங்க."

சிரித்தேன். வீட்டுக்குப் போய்ப் படுத்தபோது சிரிப்பு வரவில்லை. அவள் அந்த நடைபாதையில் நடக்க வேண்டும், எனக்கே அது வேண்டும் போல இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் பையரிடமிருந்து புது மாடலின் படம் வந்தது. பனிக்காலத்துக்குப் பெண்கள் பூட்ஸ். கணுக்காலுக்கு மேலே மடித்து விடுகிற தோல் பட்டை ஒன்று, அதன் ஓரம் மட்டும் நேராக இல்லாமல் பனிச்செதில் வடிவம். ஓரத்தை ஒட்டினாற்போலவே வெள்ளி நூலில் ஒரு வரிசைத் தையல். ஐந்து நிலைகளில் அதே ஓரத்தை வரைந்து, உங்கள் தொழிற்சாலையால் முடிந்தவரை நுணுக்கமான நிலையை நீங்களே தேர்ந்தெடுங்கள் என்று பையரின் டிசைனர் அம்மா எழுதியிருந்தார்.

திரையில் அதைப் பார்த்ததும் எனக்கு மயிர்க்கூச்சம். என் ஆய்வின் முதல் அத்தியாயம் அப்படியே பூட்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தது! காலேஜோடு தொலைந்துபோன ஒருத்தியை ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தது போல ஆகிவிட்டது. பேட்டர்ன் ரூமில் மற்றவர்கள், "பனின்னா இப்படியா இருக்கும்? கல்கண்டு மாதிரி இருக்குது" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வேலூர் ஜில்லாவில் பனியை யார் பார்த்தது? ஜூஸ் கடைக்காரர் மரத்தூளைத் தட்டிவிட்டு உடைக்கிற ஐஸ்தான் எங்கள் இமயமலை.

அந்த வளைவைப் போடுவது சின்னப்பிள்ளை விளையாட்டு. ஒரு நேர்க்கோட்டை மூன்று சம பாகமாக்குங்கள். நடுப் பாகத்தை அழித்துவிட்டு, அங்கே கூடாரம் மாதிரி இரண்டு கோடு நிறுத்துங்கள், ஒவ்வொன்றும் அதே நீளம். மூன்று பாகம் இருந்த இடத்தில் இப்போது நான்கு. இது முதல் நிலை. இப்போது அந்த நான்கு கோட்டுக்கும் தனித்தனியாக அதையே செய்யுங்கள். இது இரண்டாவது. மறுபடி, மறுபடி. கூடாரத்தின் மேல் கூடாரம், அதன் மேல் குட்டிக் கூடாரம். எந்தத் துண்டை எடுத்துப் பெரிசாக்கிப் பார்த்தாலும் முழுசு எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கும். ஒவ்வொரு நிலையிலும் நீளம் மூன்றில் ஒரு பங்கு கூடும். நிறுத்தாமல் போனால் நீளத்துக்கு முடிவே இல்லை. ஆனால் அது அடைத்துக்கொள்கிற இடம்? அது ஒரு எல்லையோடு நின்றுவிடும். புதுக் கூடாரங்கள் அவ்வளவு பொடிசு, எல்லாவற்றையும் சேர்த்தாலும் முதல் கூடாரத்தின் அளவைத் தாண்டாது.

மானேஜர் ரூமில் இதைத்தான் சொல்லப் போனேன். அவர் ஒரே கேள்வி கேட்டார்.

"ஒண்ணாவது நிலைக்கும் அஞ்சாவதுக்கும் தோல் எவ்ளோ ஜாஸ்தி ஆவுது?"

"தோலு பெருசா ஒண்ணும் ஆவாது சார். ஆனா ஓரம்..."

"ஓரம் கெடக்கட்டும்மா. தோல் ஜாஸ்தி ஆவுதா, இல்லியா?"

"இல்ல சார்."

"அப்புறம் இன்னா பேஜாரு? அஞ்சு போடு. பையருக்கு குஷி ஆய்டும்."

"சார், இது சாதா கோடு இல்ல. கோட்டுக்கும் மேல, பரப்புக்கும் கீழ. இதோட பரிமாணமே ஒண்ணேகாலு."

"ஒண்ணேகால்னா? பிளேட்டா?"

ஆம்பூர்க்காரரிடம் ஒன்றேகால் என்றால் பிரியாணியைத் தவிர வேறு எது ஞாபகத்துக்கு வரும்? ரூமில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அவர் முட்டாள் இல்லை. தோலைத் தடவிப் பார்த்து அந்த மாடு எந்தப் பக்கம் முள்ளில் உரசியது என்று சொல்லக்கூடிய மனிதர். தலைமுறை தலைமுறையாகப் பரப்பைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஓரம் என்பது தெரியவே தெரியாது, அவ்வளவுதான். ஐந்தாவது நிலைக்கு அவர் "ஓகே" என்று பதில் அனுப்பிவிட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவளுடைய டிபன் பாக்ஸ் மூடியைக் கவிழ்த்து, சாம்பார் ஒட்டிய விரலாலேயே அதற்குள் வரைந்து காட்டினேன். முக்கோணம், அதன் மேல் முக்கோணம், அதன் மேல் முக்கோணம்.

"எத்தன வாட்டி போட்டாலும் இந்த மூடியத் தாண்டி வெளிய வராதுக்கா. ஆனா ஓரம் மட்டும் வளந்துனே போவும்."

அவள் மூடியைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். "எங்க வீடு மாதிரி" என்றாள். "ஒரே ரூமு. ஆனா பெருக்கப் பெருக்க மூல வந்துனே இருக்கும். மூலைக்குள்ள ஒரு மூல."

"அதேதான்."

"சரி, நான் தைக்கறது இன்னாத்த? ஓரத்தத்தானே?"

"ஆமா."

"ஓரத்துக்குத்தான் முடிவே இல்லன்ற?"

"ஆமாக்கா."

"அடிப்பாவி!" என்று மூடியைப் பிடுங்கிக்கொண்டாள். "இத்த சிரிச்சுனே சொல்ற பாரு!"

பட்டையை லேசர் மெஷினில் வெட்டிக் கொண்டு வந்தார்கள். கருகின மயிர் வாசனை. ஓரம் பார்ப்பதற்கு என்னவோ மோகனமாகத்தான் இருந்தது, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால். அக்கா மெஷினில் போட்டாள். மூலை வரும் இடத்தில் எல்லாம் ஊசியைத் தோலிலேயே இறக்கி வைத்து, தோலை அழுத்திப் பிடிக்கிற மெஷின் காலைத் தூக்கி, பட்டையைத் திருப்பி, காலை இறக்கி, அடுத்த தையல். சாதாரண ஓரத்தில் இந்த வேலை எப்போதாவது ஒருமுறை. இங்கே ஒவ்வொரு தையலுக்கும். அதைவிட மோசம், கூடாரத்தின் ஒரு பக்கமே ஒரு தையலைவிடச் சின்னது. ஊசி எங்கே இறங்கினாலும் அது மூலையைத் தாண்டி அடுத்த மூலையில் இறங்கியது. ஓட்டைக்குப் பக்கத்தில் ஓட்டை, அதற்குப் பக்கத்தில் ஓட்டை. பாதி தூரம் போவதற்குள், வெள்ளி நூலோடு சேர்ந்து ஓரம் முழுசும் தபால் தலை கிழிகிற மாதிரி பிரிந்து அவள் மடியில் விழுந்தது. இரண்டாவது பட்டையும் அப்படியே. மூன்றாவது மட்டும் பிய்யாமல் தப்பியது, ஆனால் கரப்பான் கடித்த காலண்டர் போல இருந்தது.

மானேஜர் வந்து அதைத் தூக்கிப் பார்த்தார். தோலைப் பார்த்தார், நூலைப் பார்த்தார். கடைசியில் அவளைப் பார்த்தார்.

"கை சரியில்லியேம்மா" என்றார். "நாளைக்கு மத்தியானம் ரெண்டாவது யூனிட்லேருந்து ஆள் வரச் சொல்றேன். அவரு தச்சுப் பாக்கட்டும்."

ரெண்டாவது யூனிட் ஆள் என்றால் ஆண். அவர் தைத்து ஓகே ஆனால் காலியான இடம் யாருக்கு என்று ஹாலில் ஒருவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மெஷின்கள் ஒரு நிமிஷம் சத்தம் குறைந்து ஓடின. கையை வெட்டி ஃபாரினுக்கு அனுப்பச் சொன்னவள் எழுந்து போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவினாள், கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

"போ மே" என்றாள் திரும்பாமலே. "நீயும் உன் கணக்கும். மூடிக்குள்ள அடங்குதாம், முடிவு இல்லியாம். படிச்சுட்டு வந்துட்டா பெருசா. அத்த அந்த ஆளுக்குப் புரியற மாதிரி சொல்லத் துப்பு இல்ல, எங்கிட்ட வந்து சாம்பார்ல கோலம் போடற."

சுருக்கென்று தைத்தது. அதுவும் அவள் சொன்னது சரி என்பதால் இன்னும் நன்றாகத் தைத்தது. எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். அவள் மேல் பாதி, மானேஜர் மேல் பாதி, மீதி அந்தப் பரிமாணம் ஒன்றேகாலின் மேல்.

நேராக சாம்பிள் ரூமுக்குப் போய் ஒரு கண்டு வெள்ளி நூலை எடுத்தேன். ஒவ்வொரு நிலைக்கும் ஓரத்தின் நீளம் எவ்வளவு என்று கம்ப்யூட்டர் சொல்லும். ஒரு சொடுக்குதான், இதுவரை யாரும் சொடுக்கியதில்லை. அந்தந்த நீளத்துக்கு நூலை வெட்டிக்கொண்டு மானேஜர் ரூமுக்குள் போனேன். அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். கேட்காமல் கொள்ளாமல் அவர் மேஜை விளிம்பில் செலோடேப் வைத்து நூல்களை வரிசையாக ஒட்டித் தொங்கவிட்டேன்.

"இன்னாம்மா இது, தோரணம் கட்றியா?"

"பாருங்க சார். இது நேர் ஓரம், ஒரு அடி. இது ஒண்ணாவது நிலை. இது ரெண்டு. இது மூணு."

மூன்றாவது நிலையின் நூல் தரையைத் தொடாமல் மயிரிழையில் நின்றது. நான்காவது தரையில் பட்டு மடங்கியது. ஐந்தாவது விழுந்து அவர் ஷூ பக்கத்தில் சுருண்டது.

அவர் போனைக் கீழே வைத்தார். "எல்லாம் ஒரே பட்டயா?"

"ஒரே பட்ட. தோல் கிட்டத்தட்ட அதேதான்."

குனிந்து ஐந்தாவது நூலைக் கையில் எடுத்து நீட்டிப் பார்த்தார். தோலைத் தடவுகிற மாதிரியே தடவினார். "பத்தாவது போட்டா?"

"கதவத் தாண்டி வராண்டாவுக்குப் போய்டும் சார்."

"அதுக்கும் மேல?"

"நாப்பது சொச்சம் போட்டா வேலூர் போய்டும். இன்னும் ரெண்டு மூணு போட்டா அரக்கோணம் ஜங்ஷன்."

"இந்த ஒரு பட்டயிலயா?"

"இந்த ஒரு பட்டயிலதான். அத்தயும் தைக்கச் சொன்னீங்கன்னா, அரக்கோணம் வரைக்கும் ரயிலு பக்கத்துல ஓரமா போவும் சார், அக்கா கூடவே தச்சுனே போவணும். உங்க ரெண்டாவது யூனிட் ஆளுக்கு மட்டும் ரெக்கயா இருக்குது?"

கடைசி வாக்கியம் தேவையில்லை. ஆனால் சொல்லிவிட்டேன், நல்லாவும் இருந்தது. "யா அல்லா" என்று அவர் நாற்காலியில் சாய்ந்தார். பிறகு, மரியாதையாகவே கேட்டார்: "சரிம்மா. எது வரைக்கும் போலாம்?"

இதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. இந்த மாதிரி வளைவுக்கு இதுதான் நீளம் என்று ஒன்று கிடையாது. எந்தக் கோலால் அளக்கிறாய் என்று சொல், நீளத்தைச் சொல்கிறேன். கோல் சின்னதாக ஆக, அது பெரிய கோல் தாண்டிக் குதித்த சந்துகளுக்குள்ளெல்லாம் நுழைந்து வரும், நீளம் கூடும். எங்கள் கோல் ஊசி. ஒரு தையலைவிடச் சின்ன சந்துக்குள் அது நுழைய முடியாது. மூன்றாவது நிலையில் கூடாரத்தின் ஒரு பக்கத்துக்கு நாலைந்து தையல் விழும், ஊசி திரும்பும், தோல் பிய்யாது. நான்காவதில் ஒரு பக்கத்துக்கு ஒரு தையல் விழுந்தாலே பெரிசு. ஆகவே மூன்று.

"மூணு போடு" என்றார். "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள அந்தம்மாவே தச்சுக் காட்டட்டும். இல்லன்னா அந்த ஆள்தான்."

மறுநாள் காலையில் அக்கா மெஷினில் உட்கார்ந்தாள். நான் பேட்டர்ன் ரூம் வேலையை விட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே நின்றேன். ஒவ்வொரு மூலைக்கும் ஒரு திட்டு, முழுக்க எனக்கு. "இந்தா உங்க எம்.எஸ்ஸி.க்கு ஒரு மூல. இந்தா உங்க காலேஜுக்கு ஒண்ணு. இந்தா உன்னப் பொண்ணு பாத்துட்டு ஓடிப் போனவனுக்கு ஒண்ணு, தப்பிச்சான் மவராசன்." ஊசி இறங்கும், கால் தூக்கும், பட்டை திரும்பும். அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வருஷம் முழுக்க அந்த வளைவைப் பற்றிப் படித்திருக்கிறேன், அதன் எந்தப் புள்ளியிலும் ஒரு தொடுகோடு வரைய முடியாது என்று பக்கம் பக்கமாக நிரூபித்திருக்கிறேன். ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்குப் போக உடம்பு என்ன பாடுபடும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. தைத்து முடித்ததும் பட்டையை நூலோடு தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"எப்படி?" என்றாள்.

"அக்கா!" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

ரெண்டாவது யூனிட் ஆள் வந்து, டீ குடித்துவிட்டு, திரும்பிப் போனார். அடுத்த வாரம் டிசைனர் அம்மா நேரிலேயே வந்தார், பருத்திச் சுடிதாரும் கையில் தண்ணீர் பாட்டிலுமாக, பாவம், வெயிலில் செக்கச்செவேலென்று. பூட்ஸை முதலில் மேஜைக்கு அந்தப் பக்கம் வைத்துப் பார்த்தார், பிறகு கைநீட்டம், பிறகு மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு. கடைசியில் அதைக் காலில் போட்டுக்கொண்டு, இது போதும், இதற்கு மேல் நுணுக்கமாகப் போனால் கண்ணுக்கே தெரியாது என்று இங்கிலீஷில் சொன்னார். மானேஜர் தலையை ஆட்டி, "நாங்கள் கணக்குப் போட்டுத்தான் மூன்றில் நிறுத்தினோம்" என்றார். நாங்களாம்! நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். சாம்பிள் ஓகே ஆனது.

மறுநாள் காலை மானேஜர் ஹாலுக்கு வந்து எல்லார் முன்னாலும் சொன்னார்: இன்றிலிருந்து இந்த லைனுக்கு அக்காதான் சூப்பர்வைசர். பெண்கள் கை தட்டினார்கள். நான் விசிலே அடித்தேன். கைதட்டல் முடிவதற்குள் அவர் மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்: "ஆனா மெஷினுக்கு வேற ஆள் கெடைக்கற வரைக்கும் நீயே ஒக்காந்து தச்சுக்கோ. ஒக்காந்த எடத்துலேருந்தே லைனப் பாத்துக்கலாம். அதே எடம்தானே, பெருசா ஒண்ணும் ஜாஸ்தி ஆவாது."

ஆள் எப்போது கிடைக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா என்ன? ஆடி போய் ஆவணி வந்தாலும் கிடைக்காது. ஏதாவது சொல்லலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா குனிந்தாள். மெஷின் அடியில் இருந்த டப்பாவிலிருந்து எதையோ எடுத்தாள். அந்த மூன்றாவது பட்டை, கரப்பான் கடித்தது. இவ்வளவு நாள் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். அதை மெஷின் மேல், மானேஜர் கண்ணுக்கு நேரே பரப்பி வைத்தாள்.

"சார், இதுல தோல் எவ்ளோ?"

"இன்னாம்மா இப்போ?"

"சொல்லுங்க சார். தோல் ஜாஸ்தியா?"

"இல்ல, அதேதான்."

"தோல் அதேதான். எடமும் அதேதான். லைன்ல முப்பது பொம்பளைங்க கீறாங்க, ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு ரோதன, அந்த ரோதனைக்குள்ள இன்னொண்ணு. அத்தயும் பாக்கணும், என் மெஷினும் தைக்கணும். எல்லாம் இந்த ஸ்டூல்ல ஒக்காந்துனு." பட்டையை அவர் பக்கமாகத் தள்ளினாள். "ஓரத்த யார் தைக்கிறது சார்?"

மானேஜர் பட்டையைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் கம்பெனி ஓவர்கோட் பையில் இருந்த செலோடேப் சுருளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். அவருக்கு அந்த நூல் தோரணம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். தலையைச் சொறிந்தார்.

"சரிம்மா, சரி. ரெண்டாவது யூனிட்லேருந்து அந்த ஆள இங்க அனுப்பச் சொல்றேன். உன் மெஷின்ல ஒக்காரட்டும்."

அக்கா எழுந்து நின்றாள். ஸ்டூலைக் காலால் மெஷினுக்கு அடியில் தள்ளினாள். இடுப்பில் கையை வைத்து முதுகை ஒருமுறை நிமிர்த்தினாள், எலும்பு சொடுக்கியது எனக்கே கேட்டது. பிறகு நடந்தாள்.

மற்ற சூப்பர்வைசர்கள் நடக்கிற மாதிரி ஸ்டோர் கதவிலிருந்து தண்ணீர் கேனுக்கு ஒரே நேராக இல்லை. முதல் மெஷின் சந்துக்கு உள்ளே போனாள், குனிந்து ஊசியைப் பார்த்தாள், நூலை இழுத்துப் பார்த்தாள், அந்தப் பெண்ணின் துப்பட்டா முனையைச் சக்கரத்திலிருந்து எடுத்து இடுப்பில் சொருகிவிட்டாள், காதில் என்னவோ சொல்லிச் சிரிக்க வைத்தாள், வெளியே வந்தாள். அடுத்த மெஷினுக்கு உள்ளே. அதற்கு அடுத்ததற்கு உள்ளே. மற்றவர்கள் ஒரு மூச்சில் கடந்துவிடுகிற வரிசை அவளுக்குக் காலை பூராவும் போனது. மானேஜர் கண்ணாடிக் கதவைத் திறந்து என்னிடம், "இன்னும் அந்த ஒரு லைனே முடிக்கலியா?" என்றார்.

"அது நீளமான லைன் சார்" என்றேன்.

சாப்பாட்டு பெல் அடித்தது. எல்லாரும் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டு உட்கார்ந்தோம். அக்காவுக்கும் நகர்ந்து இடம் விட்டேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, மூடியை என் மடியில் வைத்துவிட்டு, நின்றபடியே சாப்பிட்டாள்.